எத்தனை சேனல் போதும்? எம்.ஆர்.ஐ. தலைக் காயிலும் நீலகிரியின் ஓசையற்ற மூளைத் தழும்புகளும்

1. கேள்வி

எம்.ஆர்.ஐ. என்றதும் நம் பேச்சு காந்தத்தில் போய் நின்றுவிடுகிறது. ஒன்றரை டெஸ்லாவா, மூன்றா, ஏழா என்று கேட்கிறோம். எண் பெரிதானால் படமும் தெளிவு என்று முடிவுகட்டிவிடுகிறோம். மருத்துவமனை விளம்பரப் பலகைகளும் ஆய்வு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் இந்த ஒரே எண்ணைத்தான் பெருமையோடு போடுகின்றன. ஆனால் மூளையிலிருந்து வரும் சைகையைப் பிடிப்பது காந்தம் அன்று. படுத்திருப்பவரின் தலையைச் சுற்றி மாட்டுகிறார்களே, ஸ்கேன் அறையில் எல்லோரும் 'ஹெட் காயில்' என்று சொல்லும் அந்தப் பிளாஸ்டிக் கூண்டுதான் பிடிக்கிறது. அது பிடிக்காமல் விட்டதைப் பிறகு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாளாக வளையும் சிக்கிள் செல் நோய் இருக்கிறது. அந்நோய் உள்ளவர்களின் மூளையில், பக்கவாதமோ பேச்சுக் குழறலோ எதுவும் காட்டாமல் சிறுசிறு 'ஓசையற்ற' தழும்புகள் விழக்கூடும். இந்த மலையில் எத்தனை பேரிடம் அவை இருக்கின்றன என்று அறிய வேண்டுமானால், எப்படிப்பட்ட காயில் வேண்டும்? 32 சேனல், 64 சேனல் என்று உலக ஆய்வகங்கள் வைத்திருக்கும் கருவி வந்தால்தான் இந்த ஆய்வு நடக்கும் என்ற எண்ணம் நம் மருத்துவ ஆய்வு வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. அது இந்தக் கேள்விக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். காயில் முக்கியந்தான். ஆனால் அது முக்கியமாவது சேனல் எண்ணிக்கையால் அல்ல.

2. குன்னூர் ஏன்?

நீலகிரி மலையிலுள்ள குன்னூருக்கு ஆய்வகம் புதிதல்ல. தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிறுவனம் 1907-இல் இங்கே தொடங்கப்பட்டது. ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையை அந்த நிறுவனத்தின் ஓர் அறையில்தான் ஆரம்பித்தார். அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மூளையும் இந்த ஊரின் ஆய்வுக்குப் பழைய பொருள். பாஸ்டர் நிறுவனம் தயாரித்த வெறிநாய்க்கடிக்கான பழைய தடுப்பூசி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து வந்தது. போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு அதே ஊசி மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சியை உண்டாக்கியது. 2004-ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியா அவ்வகைத் தடுப்பூசியைக் கைவிட்டது.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய ஆண்டு 1952. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் தென்னிந்தியாவில் சிக்கிள் செல் பண்பு (அந்நோயின் மரபணுவைத் தாங்கும் நிலை) இருப்பதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவர்களுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் நீலகிரி மலைமக்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இப்பண்பு கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோயின் வரலாறு இவ்விரண்டு கட்டுரைகளிலிருந்துதான் தொடங்குகிறது. அன்றைய மானுடவியல் மலைமக்களை இனங்களாகப் பிரித்துப் பார்த்தது. அந்தப் பிரிவுகளின் உறவைக் காட்டும் அடையாளமாகவே சிக்கிள் பண்பை லேமன் முதலில் நாடினார். நோயாளி அங்கே இரண்டாம்பட்சம்.

அதன் பிறகு ரத்தத்தைப் பற்றிய அறிவு பெருகியது. பணியர், குறும்பர், இருளர் ஆகியோரிடையே இப்பண்பு மிகுதி என்பது தெளிவானது. கோத்தகிரியில் 1958-இல் தோன்றிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பும் பரிசோதனையையும் சிகிச்சையையும் ஊர் ஊராகக் கொண்டுபோயின. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. எல்லாம் விரல் நுனியில் எடுக்கும் ரத்தத் துளியைச் சுற்றியே நடக்கின்றன. மூளை இந்தக் கணக்கில் வரவில்லை.

3. 'மென்மையான நோய்' என்ற முடிவு

மூளை கணக்கில் வராததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியச் சிக்கிள் செல் நோய் ஆப்பிரிக்க வகையைவிட மென்மையானது என்ற கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. இங்கே பரவலாகக் காணப்படுவது 'அரபு–இந்திய' மரபணு வகை. அதை உடையவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் வயது வந்த பிறகும் கணிசமாக நீடிக்கிறது. அது செல்கள் அரிவாளாக வளைவதைத் தடுக்கிறது. ஒடிசா நோயாளிகளை ஜமைக்கா நோயாளிகளோடு ஒப்பிட்டு பி. சி. கர், கிரஹாம் சர்ஜன்ட் முதலியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. பின்னர் மத்திய இந்தியாவிலிருந்து வந்த மருத்துவ அனுபவங்கள் இந்த மென்மையைக் கேள்விக்குள்ளாக்கின. மரபணு வகை ஒன்றே என்றாலும் நோயின் கடுமை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது.

மூளையைப் பொறுத்தவரை இந்த விவாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பக்கவாதம் வந்து மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணித்தான் 'இங்கே மூளை பாதிப்பு குறைவு' என்கிறார்கள். நான் பேசும் தழும்போ, எதையும் காட்டாது என்பதே அதன் இலக்கணம். வராதவர்களை எண்ணாமல் வந்தவர்களை மட்டும் எண்ணி அதன் அளவைச் சொல்ல முடியாது. பிரான்சின் கிரெத்தெய் நகரில் பிறந்த நாள் முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட சிக்கிள் செல் குழந்தைகளில், 14 வயதுக்குள் இத்தகைய தழும்பு விழும் வாய்ப்பு 37 விழுக்காடு என்று பெர்னோதென் குழு 2011-இல் கணக்கிட்டது. அக்குழந்தைகளின் வேர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இருப்பவை. அந்த எண்ணை அப்படியே பணியர் குழந்தைமேல் ஏற்றக் கூடாது. கருக்கால ஹீமோகுளோபின் இக்குழந்தையைக் காத்திருக்கலாம். ஆனால் 'காத்திருக்கிறது' என்று சொல்லவும் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தழும்பு சிறிது என்பதால் விளைவும் சிறிது என்று ஆகாது. பள்ளியில் கவனம் சிதறுவதும் கணக்கில் பின்தங்குவதும் இத்தழும்புகளோடு சேர்ந்து வருவதாக மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நீலகிரியில் பள்ளியை விட்டு நின்றுவிடும் பழங்குடிக் குழந்தைக்கு வறுமை, மொழி, தூரம் என்று பல காரணங்களைச் சொல்கிறோம். அவை உண்மை. அவற்றோடு ஒரு நரம்பியல் காரணமும் கலந்திருக்கிறதா என்று இதுவரை நாம் கேட்டதில்லை.

4. காயில் எப்படிக் கேட்கிறது

உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு, காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடுகிறது. ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது அதன் கணக்கு. ஆகவே 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64, 3 டெஸ்லாவில் 128 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலி இவ்விரண்டுக்கும் நடுவில் ஒலிக்கிறது. ஸ்கேன் அறையின் சுவர் முழுக்கச் செப்புத் தகடு பதிப்பது இப்படிப்பட்ட வெளிச் சைகைகள் உள்ளே வராமல் இருக்கத்தான். ஆடும் அணுக்கருக்கள் பக்கத்திலுள்ள கம்பி வளையத்தில் நுண்ணிய மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றன. அந்த வளையமே காயில்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே நுட்பமான செய்தி. மருத்துவமனைக் காந்தங்களின் அதிர்வெண்ணில் இரைச்சலின் பெரும்பகுதி கம்பியிலிருந்து வருவதில்லை. படுத்திருப்பவரின் உடலிலிருந்தே வருகிறது. உப்புக் கரைசலான நம் திசுக்களில் அயனிகள் வெப்பத்தால் அலைகின்றன. அந்த அலைச்சலையும் காயில் கேட்கிறது. பெரிய வளையம் தலை முழுவதன் இரைச்சலையும் உள்வாங்கும். சிறிய வளையம் தனக்கு அருகிலுள்ள பகுதியின் சைகையையும் அப்பகுதியின் இரைச்சலையும் மட்டும் கேட்கும். ஆழத்தில் இருப்பது அதற்கு எட்டாது. காயில் வடிவமைப்பின் வரலாறு முழுவதும் இந்த இழுபறியின் வரலாறு.

1985-இல் செசில் ஹேஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட 'பறவைக்கூண்டு' காயில், தலை முழுவதையும் ஒரே சீராகப் பார்க்கும் பெரிய வளையக் குடும்பம். 1990-இல் பீட்டர் ரோமர் குழு எதிர்த்திசையில் போனது. பல சிறு வளையங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி வாங்கியைக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒன்றின் சைகையை மற்றொன்றில் கலந்துவிடும் என்பதே அதுவரை இருந்த தடை. வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரளவு ஏற்றிவைத்தால் அக்கலப்பு அறுந்துபோகும் என்று காட்டினார்கள். முதலில் முதுகெலும்புக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் இன்று தலைக்கு வந்திருக்கிறது. சேனல் என்பது இப்படித் தனி வாங்கி உள்ள ஒரு வளையம்.

2006-இல் கிரஹாம் விக்கின்ஸ் குழு, கால்பந்தின் தோல் துண்டுகளைப் போல ஐங்கோணமும் அறுகோணமுமாக 32 வளையங்களைத் தலைக்கவசத்தில் பதித்தது. அமெரிக்காவின் மனித நரம்பிணைப்புத் திட்டமும் பிரிட்டனின் யு.கே. பயோபேங்கும் 32 சேனல் காயிலையே தேர்ந்தெடுத்தன. அதற்குப் பின் 64 சேனல், ஆய்வகத்தில் 96 சேனல். இந்த ஏறுமுகத்தைப் பார்க்கும் எவருக்கும், சேனல் கூடக் கூட மூளை துலங்கும் என்ற எண்ணம் வருவது இயல்பு.

5. மூன்றரை மடங்கும் ஒன்றரைக்குக் குறைவும்

விக்கின்ஸ் குழுவின் சொந்த அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். அவர்களின் 32 சேனல் காயில், சற்றுப் பெரிய 8 சேனல் வணிகக் காயிலோடு ஒப்பிடும்போது, மூளையின் மேற்புறணியில் சைகை–இரைச்சல் விகிதத்தை 3.5 மடங்கு வரை உயர்த்தியது. ஆழத்திலுள்ள வெண்பொருளான கொரோனா ரேடியேட்டாவில் உயர்வு 1.4 மடங்கு. காரணம் முன்பு சொன்னதுதான்: சிறு வளையம் அருகில் இருப்பதை நன்றாகக் கேட்கும், தொலைவில் இருப்பதைக் கேட்காது. மூளையின் நடுவில் இயற்பியல் விதிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது; சில சேனல்களிலேயே அதன் அருகில் போய்விடலாம். அதற்குமேல் வளையங்களைச் சேர்த்துக்கொண்டே போனாலும் நடுவில் பெரிதாக எதுவும் கூடாது.

சிக்கிள் செல் தழும்புகள் எங்கே விழுகின்றன? ஃபோர்டு குழு 2018-இல் 'பிளட்' இதழில் வெளியிட்ட வரைபடம் இதற்கு விடை தருகிறது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் தழும்புகளை ஒரே மூளைமேல் அடுக்கிப் பார்த்தபோது, மூளைக் கனஅளவில் 5.6 விழுக்காடே வரும் ஒரு பகுதிக்குள், தழும்புள்ள குழந்தைகளில் 90 விழுக்காட்டினரின் தழும்புகள் காணப்பட்டன. அப்பகுதி நெற்றிமடல், உச்சிமடல் ஆகியவற்றின் ஆழ்ந்த வெண்பொருள். பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடம் அது; ரத்த ஓட்டம் மிகக் குறைந்துபோகும் இடமும் அதுவே.

இவ்விரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஒன்று மின்பொறியாளர்களுடையது, மற்றது நரம்பியலாளர்களுடையது. இரண்டையும் அருகருகே வைத்தால் நம் கேள்விக்கான விடையின் பாதி கிடைக்கிறது. அதிகச் சேனல் காயிலின் பெரும் லாபம் புறணியில். நாம் தேடும் தழும்போ ஆழத்தில். அங்கே கிடைப்பது 1.4 மடங்கு. அது அற்பம் என்று சொல்லவில்லை. சைகை–இரைச்சல் விகிதம் படமெடுக்கும் நேரத்தின் வர்க்கமூலத்தோடு உயர்வதால், சாதாரணக் காயிலில் இருமடங்கு நேரம் எடுத்தால் அதே 1.4 கிடைத்துவிடும். ஆக, விலையுயர்ந்த காயிலுக்கும் சாதாரணக் காயிலுக்கும் உள்ள வேறுபாடு, இந்த ஒரு வேலையைப் பொறுத்தமட்டில், சில நிமிடங்கள்.

இன்னொரு சான்றும் இதே திசையில் நிற்கிறது. இத்தழும்புகளுக்குச் சிகிச்சை பயன்தரும் என்று காட்டிய ஆய்வு, டிபான் தலைமையில் நடந்து 2014-இல் வெளியானது. அதில் தழும்பு என்பதற்கு வகுத்த வரையறை: குறைந்தது ஒரு திசையில் 3 மில்லிமீட்டர், ஃப்ளேர் (FLAIR) எனப்படும் எம்.ஆர்.ஐ. பட வகையில் இரண்டு தளங்களில் தெரிய வேண்டும், அதற்குரிய நரம்புக் குறைபாடு எதுவும் இருக்கக் கூடாது. அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் 1.5 டெஸ்லாவே மருத்துவமனைகளின் வழக்கமான காந்தம். விக்கின்ஸ் குழுவின் 32 சேனல் காயில் அப்போது வெளியாகியிருக்கவில்லை. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகளை இன்றைய உயர்காயிலில் கண்டால் அவற்றை என்ன செய்வது என்பதற்கு அந்த ஆய்வில் விடை கிடையாது. நுட்பம் கூடக் கூடப் புள்ளிகள் கூடும். ஆனால் அப்புள்ளிகளுக்கான மருத்துவ ஞானம் கூடவே வந்துவிடாது.

எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். சேனல்கள் பல இருந்தால் இணைப் படமெடுப்பு சாத்தியம். ஒவ்வொரு வளையமும் தலையை வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால், எடுக்க வேண்டிய தரவைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்தலாம். 1999-இல் புரூஸ்மன் குழு முன்வைத்த சென்ஸ் முறையும் 2002-இல் கிரிஸ்வோல்டு குழுவின் கிராப்பா முறையும் இதன் தூண்கள். அசையாமல் படுக்கத் தெரியாத ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஓர் எல்லை வரை. 8 சேனலிலேயே இருமடங்கு வேகம் எளிதாகக் கிடைக்கும். அதைத் தாண்டிய வேகம், இரைச்சலைப் பெருக்கும் விலையைக் கேட்கிறது, அதுவும் முக்கியமாகத் தலையின் நடுவில். நாம் தேடும் இடமும் அந்த நடுவுக்கு அருகில்தான்.

இதைவிட முக்கியமானது படத் துண்டின் கனம். 5 மில்லிமீட்டர் துண்டுகளாக, இடையில் இடைவெளி விட்டு எடுப்பது மருத்துவமனைகளில் வழக்கம். அப்படிப்பட்ட படத்தில் 3 மில்லிமீட்டர்த் தழும்பு இரண்டு தளங்களில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். கோவை மருத்துவமனைகளில் ஏற்கெனவே கிடக்கும் பழைய படங்களைத் திரட்டி இந்த ஆய்வை மலிவாகச் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் படங்களின் குறை காயிலில் இல்லை, எடுத்த முறையில் இருக்கிறது.

6. தலை, முடி, பயம்

அப்படியானால் காயில் எதில் முக்கியமாகிறது? பொருத்தத்தில். வணிகக் காயில்கள் ஏறத்தாழ எல்லாத் தலைகளும் நுழையும்படி பெரிதாகச் செய்யப்படுகின்றன. சிறிய தலை உள்ளே வைக்கப்பட்டால், பின்மண்டை அடித்தட்டில் படிந்துகொள்ளும். நெற்றிக்கும் மேல்வளையங்களுக்கும் இடையில் வெற்றிடம் விழும். நம் தழும்பு நெற்றிமடலின் ஆழத்தில் என்பதை நினைவில் கொள்க. அனுபவமுள்ள டெக்னீஷியன் தலைக்கடியில் ஒரு ஸ்பாஞ்சு வைத்து உயர்த்துவார். சேனல் எண்ணிக்கையைப் பற்றிய எந்தக் கட்டுரையையும்விட அந்த ஸ்பாஞ்சு இங்கே உதவும்.

போரிஸ் கைல் குழு 2011-இல் பச்சிளங்குழந்தை முதல் ஏழு வயது வரை ஐந்து அளவுகளில் 32 சேனல் காயில்களைச் செய்து, தலைக்கேற்ற அளவு எவ்வளவு லாபம் தருகிறது என்று காட்டியது. கைக்குழந்தைகளுக்கு இது இன்றியமையாதது. ஆனால் ஆறு வயதில் மூளை பெரியவர் மூளையின் கனஅளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பள்ளி வயதுக் குழந்தைகளை ஆராயும் நமக்குத் தனி அளவுக் காயில் ஆடம்பரம்.

இந்தியத் தலைக்கு இந்தியக் காயில் வேண்டுமா என்றும் கேட்கலாம். ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019-இல் வெளியிட்ட, 100 இளைஞர்களின் மூளைப் படங்களிலிருந்து உருவான இந்திய மூளை வரைபடம், மேலைநாட்டு மாதிரியைவிட நம் மூளையின் சராசரி உயரமும் அகலமும் குறைவு என்று கண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 6 முதல் 60 வயது வரை ஐந்து வயதுக் கட்டங்களுக்கு இந்திய மாதிரிகளைக் கொடுத்தார்கள். இவை மென்பொருளில் படங்களைப் பொருத்துவதற்கு மிகவும் தேவை. காயிலுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை என்றே நினைக்கிறேன். ஸ்பாஞ்சால் தீரும் வேறுபாடு அது. மேலும் இந்த மாதிரிகளுக்குள் நீலகிரிப் பழங்குடித் தலைகளுக்கு எவ்வளவு இடம் என்று யோசித்தால், 'இந்திய மூளை' என்ற சொல்லே கொஞ்சம் அவசரமானதாகத் தோன்றுகிறது.

முடியும் ஒரு தடைதான், சிரிக்க வேண்டாம். தலையை இறுகச் சூழும் காயிலில் பின்கொண்டை போட்ட தலை நுழையாது. நுழைந்தாலும் முன்னே தள்ளப்பட்டு மூக்கில் இடிக்கும். ஹேர்பின், உலோக இழை ஓடும் ரிப்பன், தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றப்பட வேண்டும். தோடர் பெண்களின் சுருள்சுருளான நீள்முடியை எந்தக் காயில் வடிவமைப்பாளரும் மனத்தில் வைத்திருக்க மாட்டார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் சடைப் பின்னல்கள் மூளை ஆய்வுகளிலிருந்து அவர்களை விலக்கிவைக்கின்றன என்ற விவாதம் அண்மையில் எழுந்தது. இங்கே அப்படி ஒரு விவாதம் எழும் அளவுக்கு யாரையும் நாம் ஆய்வுக்கு அழைக்கவே இல்லை.

கடைசியாக, பயம். அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிக்கிள் செல் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கும் வயதில் ஒருமுறையாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது, மயக்க மருந்து இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறது. முகத்தருகே கூண்டு, நூறு டெசிபெலைத் தாண்டும் தட்டல் சத்தம், அறைக்கு வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் வரும் கட்டளைகள். அக்கட்டளைகள் தமிழில் வந்தால்கூட, வீட்டில் பணிய மொழியோ பெட்டக் குறும்ப மொழியோ பேசும் குழந்தைக்கு அது பள்ளியில் கேட்ட மொழி. காயிலுக்குள் ஹெட்போன் வைக்க இடம் இருக்கிறதா, கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்க்க முடிகிறதா, மேல்பாதியைச் சட்டென்று கழற்ற முடிகிறதா என்பவை இந்த ஆய்வில் சேனல் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை. மிக இறுக்கமான 64 சேனல் கவசம் இக்கேள்விகளில் தோற்கும்.

7. சக்கரம் வைத்த ஸ்கேனர்

மலைப்பகுதி என்றதும் இன்று பலரும் சொல்லும் தீர்வு, தள்ளிக்கொண்டு போகக்கூடிய குறைபுல ஸ்கேனர். 2020-இல் அமெரிக்க அனுமதி பெற்ற 64 மில்லிடெஸ்லாக் கருவி சாதாரண மின்செருகியில் ஓடும். செப்பு அறை வேண்டாம், திரவ ஹீலியம் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மழைக்கால மண்சரிவுகளையும் அறிந்தவர்களுக்கு இந்த ஆசை புரியும்.

ஆனால் இங்கே காயிலின் இயற்பியல் தலைகீழாகிறது. 64 மில்லிடெஸ்லாவில் அதிர்வெண் 2.7 மெகாஹெர்ட்ஸ்தான். அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் உடலின் இரைச்சல் அடங்கிவிடும். கம்பியின் சொந்த இரைச்சல் மேலோங்கும். சைகையோ மிகச் சிறிது. எனவே தடிமனான துண்டுகளாக எடுக்க வேண்டியிருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளை இரு கருவிகளிலும் படமெடுத்து ஆர்னால்டு குழு 2022-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 3 டெஸ்லாவில் கண்ணுக்குத் தெரிந்த மிகச் சிறிய புண்கள் சராசரியாக 2.1 மில்லிமீட்டர், 64 மில்லிடெஸ்லாவில் 5.7. நம் வரையறையோ 3. இக்கருவி பெரிய பக்கவாதத்தையும் மூளையில் நீர்கோப்பதையும் காட்டும். அவசர சிகிச்சையில் அதன் இடம் பெரிது. ஓசையற்ற தழும்பை எண்ணுவதற்கு அதை நம்பினால், 'நீலகிரியில் தழும்பு குறைவு' என்ற பொய்யான ஆறுதல் கிடைக்கும். மென்மை வாதத்துக்கு இன்னொரு போலிச் சான்று சேரும்.

எனவே என் தேர்வு நடுவில் நிற்கிறது: 1.5 டெஸ்லா, 8 அல்லது அதைச் சற்றுத் தாண்டிய சேனல், 1 மில்லிமீட்டர் முப்பரிமாண ஃப்ளேர். இது ஆய்வகக் கனவு அல்ல. மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு உரிய கருவி. மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட சமீர் நிறுவனம் பிற அரசு நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டு ஸ்கேனரும் 1.5 டெஸ்லாவே, அதை மருத்துவ மதிப்பீட்டுக்காக நிறுவ 2025 மார்ச்சில் தில்லி எய்ம்ஸோடு ஒப்பந்தமாயிற்று. 7 லிட்டர் ஹீலியத்தை மூடிய கலத்தில் வைத்து ஓடும் காந்தங்களும் சந்தையில் உண்டு. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இத்தகைய ஆய்வுக்கு மலையிலேயே ஒரு முகவரியைத் தருகிறது.

ஒரு நிபந்தனை கறாராக இருக்க வேண்டும். நோயுள்ள குழந்தைகளும், ஒப்பீட்டுக்கு வரும் நோயற்ற உடன்பிறந்தவர்களும் ஒரே காயிலில், ஒரே முறையில் படமெடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு காயிலும் தனக்கு அருகிலுள்ள பகுதியைப் பிரகாசமாகவும் நடுப்பகுதியை மங்கலாகவும் காட்டும். அந்தச் சாய்வு காயிலுக்குக் காயில் மாறும். நோயாளிகளைக் கோவையில் ஒரு காயிலிலும் ஒப்பீட்டுக் குழுவை ஊட்டியில் வேறொன்றிலும் எடுத்தால், கடைசியில் நாம் அளப்பது காயில்களுக்கு இடையிலான வேறுபாட்டை. யு.கே. பயோபேங்க் தன் மையங்களில் எல்லாம் ஒரே மாதிரி ஸ்கேனரையும் காயிலையும் வைத்ததற்குக் காரணம் இதுவே. ஆரோக்கியமான குழந்தைகளிலும் சிலருக்கு வெண்பொருளில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும் என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை.

8. கண்ட பிறகு

தழும்பு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிபான் குழுவின் ஆய்வில், 5 முதல் 15 வயதுக்குட்பட்ட 196 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். மாதந்தோறும் ரத்தம் ஏற்றப்பட்ட 99 பேரில் 6 பேருக்கும், ஏற்றப்படாத 97 பேரில் 14 பேருக்கும் புதிய பக்கவாதமோ தழும்போ வந்தது. ரத்தம் ஏற்றுவது பயன் தருகிறது. ஆனால் மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில். கூடவே உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தும். முதுமலைக்கு அருகிலுள்ள குடியிருப்பிலிருந்து மாதந்தோறும் மருத்துவமனைக்கு வந்துபோகும் தாய்க்கு அன்றைய கூலி போகும். பொருத்தமான ரத்தமும் அவ்வப்போது கிடைக்காமல் போகும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை எளிய மாற்று. கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்துவதே அதன் முக்கிய வேலை. அரபு–இந்திய வகையினரிடம் அது ஏற்கெனவே உயர்ந்தே இருக்கிறது. புதிய தழும்பை அம்மாத்திரை அவர்களிடம் எந்த அளவு தடுக்கும் என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி.

ஆகவே இந்த ஆய்வுக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவின்முன் செல்பவர்கள், காயிலின் சேனல் எண்ணிக்கையை விளக்கும் பக்கத்துக்கு முன்னால் வேறொரு பக்கத்தை எழுதியாக வேண்டும்: படத்தில் தழும்பு தெரிந்த குழந்தையின் பெற்றோரிடம் யார், எந்த மொழியில், எப்போது சொல்வார்கள்; சொன்ன மறுமாதம் முதல் ரத்தமோ மாத்திரையோ எங்கே கிடைக்கும்; அதற்கான பேருந்துக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்.